செண்பகவல்லி டீச்சர் செஸ் பழகியது

“பதினஞ்சு நாள்ல எனக்குச் செஸ் சொல்லித் தர முடியுமா, தம்பி?”

சூசை, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டான்.

“எதுக்கு டீச்சர்?”

“காரணம் சொன்னாத்தான் சொல்லித் தருவீங்களோ?”

கேட்டவர் செண்பகவல்லி டீச்சர். திண்டுக்கல்லில் முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டே பழகிய வாய் அது. யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

சூசைக்கு வயது இருபத்தெட்டு. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவன். வண்டியின் ஒரு முனையில் கரிப் பெட்டி, மறுமுனையில் செஸ் போர்டு. அந்த வட்டாரத்தில் அவனை ஜெயித்தவர் யாருமில்லை. அவன் அதிகம் பேசிக் கேட்டவரும் யாருமில்லை.

“காரணம் தெரிஞ்சா, எந்தக் காயிலேருந்து ஆரம்பிக்கணும்னு தெரியும்,” என்றான்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னார்.

பழனியில் தங்கை இருக்கிறாள், பெயர் மரகதம். ஒன்பது வருஷமாக அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வருகிற இருபதாம் தேதி மகனோடு கனடாவுக்குப் போகிறாளாம். திரும்பி வருகிற யோசனை இல்லையாம்.

“சின்ன வயசுல அவளும் அப்பாவும் எந்நேரமும் செஸ்தான். நான் பக்கத்துல வந்து உக்காந்ததுகூட இல்ல. இப்ப அவ வீட்டுக்குப் போனா என்ன பேசுறதுன்னு எனக்குத் தோணல. போர்டை விரிச்சு வச்சா எதிர்ல உக்காருவா. பேச வேண்டியதில்ல பாருங்க.”

“பேச வேண்டியதில்லதான்,” என்றான் சூசை.

ஒரு சிப்பாயை எடுத்து அவர் கையில் வைத்தான்.

“இது முன்னால மட்டும் போகும். ஒரு கட்டம். கிளம்புறப்ப மட்டும், வேணும்னா ரெண்டு. வெட்டுறதா இருந்தா குறுக்க ஒரு கட்டம் போய் வெட்டும்.”

“பின்னால?”

“வராது.”

“போனது தப்புன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சாலும் முன்னாலதான்.”

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

வீடு போய்ச் சேரும்வரை டீச்சருக்கு அந்தச் சிப்பாய் ஞாபகம்தான். கூடவே ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சித்திரை மாசமும் வந்து நின்றது.

அம்மா இறந்தபோது மரகதம் புவனேஸ்வரில் இருந்தாள். “நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்க” என்று போனில் கதறினாள். ரயில் தாமதம். இங்கே கொளுத்துகிற வெயில், வீடு நிறையக் கூட்டம், ஆளாளுக்கு முணுமுணுப்பு. எடுத்துவிட்டார்கள். மரகதம் வந்து இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

“எடுக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டாள்.

எல்லோரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள். டீச்சரும் மாமாவைத்தான் பார்த்தார். மாமா பாவம், வாயில்லாப் பூச்சி. தலையைக் குனிந்துகொண்டார்.

எடுக்கச் சொன்னது டீச்சர்.

மரகதம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள்.

அடுத்தடுத்த நாட்களில் யானை வந்தது, மந்திரி வந்தார், ராணி வந்தாள். யானைக்கு நேர்வழி. மந்திரிக்குக் குறுக்குவழி. ராணிக்கு இரண்டும். வழியில் சொந்த ஆள் நின்றால் மூவருமே நிற்க வேண்டியதுதான்.

குதிரை வந்த அன்று டீச்சர் அதை லேசில் கீழே வைக்கவில்லை.

“ரெண்டு கட்டம் நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. நடுவுல ஆள் நின்னா தாண்டிரும்,” என்றான் சூசை.

“யார் நின்னாலுமா?”

“யார் நின்னாலும்.”

டீச்சருக்கு அந்த நிமிஷமே மரகதத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவளோடு சண்டை போடக்கூட வேண்டாம், சமாதானம்கூட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும். தலை நரைத்திருக்குமா, இன்னும் அந்த அரக்குக் கலர்தான் பிடிக்குமா, ஒன்றும் தெரியாது. கூடப் பிறந்தவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒன்பது வருஷம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோமே என்று இருந்தது.

எட்டாம் நாள் ராஜா.

“எல்லாப் பக்கமும் போகலாம். ஆனா ஒரே கட்டம். எதிராளி வெட்டுற இடத்துல கால் வைக்கக் கூடாது.”

“இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரே கட்டமா?”

“வயசாச்சுல்ல டீச்சர்.”

டீச்சர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“சரி, இந்தக் கிழவனை வெட்டினா ஜெயிச்சாச்சு. அப்படித்தானே?”

“ராஜாவை யாரும் வெட்டுறதில்ல.”

சூசை ராஜாவை ஓரத்தில் நிறுத்தினான். அதே வரிசையில் தூரத்தில் எதிரி யானையை வைத்தான்.

“யானை ராஜாவைக் குறி வச்சிருச்சு. இதுக்குப் பேரு செக். ராஜாவுக்கு இப்ப மூணு வழி. தள்ளிப் போகலாம். நடுவுல ஆளை நிறுத்தலாம். குறி வச்ச யானையை வெட்டலாம். மூணுமே முடியலேன்னா?”

“செத்தான்.”

“சாகல. அங்கயேதான் நிக்கிறான். ஆட்டம் முடிஞ்சுபோச்சு. அதான் செக்மேட்.”

டீச்சர் யானையை எடுத்துப் போர்டுக்கு வெளியே வைத்தார்.

“யாரும் குறி வைக்கல. ஆனா நகர்த்தவும் ஒரு காயும் இல்லேன்னா?”

“அது ஸ்டேல்மேட். ரெண்டு பேருக்கும் ஜெயம் கிடையாது. எந்திரிச்சுப் போயிர வேண்டியதுதான்.”

“ஒன்பது வருஷமா நாங்க ரெண்டு பேரும் அதுலதான் இருக்கோம்,” என்றார் டீச்சர்.

சூசை கரியை ஊதினான்.

பதிமூன்றாம் நாள் அவர் வாயிலிருந்து ‘தம்பி’ போய் ‘மாஸ்டர்’ வந்தது.

“நாளை மறுநாள் பழனிக்குப் போகலாம்னு இருந்தேன் மாஸ்டர். ஆனா இன்னும் நாலு நாள் பழகிட்டுப் போனா நல்லதோ?”

சூசை வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துப் போர்டின் பக்கத்தில் வைத்தான். ஒரே பெட்டியில் இரண்டு முகம், மேலே இரண்டு பட்டன்.

“இன்னைக்கு முழு ஆட்டம். ஆளுக்கு முப்பது நிமிஷம். நகர்த்துனதும் உங்க பக்கத்துப் பட்டனைத் தட்டுங்க. உங்க முள் நின்னு என் முள் ஓடும். யாருக்கு நேரம் தீருதோ அவங்க தோத்தாங்க.”

“புரியுது, புரியுது.”

நன்றாகவே ஆடினார். கணக்கு டீச்சர் அல்லவா. குதிரையால் அவனுடைய மந்திரியை வெட்டினார். கடைசியில் தன் ராணியை ஓட்டிக்கொண்டு போய் அவன் ராஜாவுக்கு இன்னும் செக் படாத ஒரு கட்டத்தில் நிறுத்தினார். அடுத்த தடவை செக்மேட். எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத் தப்பிக்க வழியில்லை.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சூசை போர்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். எழுந்துபோய் ஒரு புடவையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

நன்றாக யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார் டீச்சர். புடவை முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேண்ட் முடிந்தது. பையன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. மரகதத்திடம் இதைச் சொல்ல வேண்டும், சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கடிகாரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழுந்தது.

“நேரம் முடிஞ்சுது. தோத்துட்டீங்க டீச்சர்.”

“நானா? நான் நகர்த்தி எவ்வளவு நேரமாச்சு! உங்க முறைதானே?”

“நகர்த்துனீங்க. பாத்தேன்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

சூசை கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தான். அவருடைய பட்டன் தட்டப்படாமல் மேலே நின்றது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எதிர்ல உக்காந்திருக்கவங்க அதைச் சொல்ல மாட்டாங்க டீச்சர்.”

டீச்சர் வாயைத் திறந்தார், திட்டுவதற்குத்தான். வேறு என்னவோ வந்தது.

“லெட்டர் எழுதினேன்,” என்றார். “ஒண்ணு விடாம எல்லாத்தையும் எழுதினேன். எட்டு வருஷமாச்சு. அவ ஏன் இன்னும் வரலைன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அந்த லெட்டர் எங்க டீச்சர்?”

டீச்சர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீரோல,” என்றார்.

சூசை அடுத்த சட்டையை எடுத்து உதறினான்.

டீச்சர் பைக்குள் துழாவி போனை எடுத்தார். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை, என்றைக்கோ மனப்பாடம். ஆனாலும் இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

“ஹலோ, யாரு?”

குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது.

“மரகதம், நான்தான். அக்கா.” நிறுத்தினால் வராது என்று நிறுத்தாமல் சொன்னார். “அன்னைக்கு அம்மாவை எடுக்கச் சொன்னது மாமா இல்ல. நான். நீ வந்துக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னேன்.”

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் கேட்டு அடங்கியது.

“தெரியும்க்கா,” என்றாள் மரகதம். “அன்னைக்கே தெரியும்.”