பொடுகு வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் வாயில்லாத உயிர் என்று ஒன்றுமே கிடையாது. ஈ பேசும், எறும்பு பேசும். பேன்கூட, "கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கோம்மா, ஏறிக்கிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறும். தலையில் வெள்ளையாகப் படர்கிற அதற்கும் வாய் இருந்தது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் சொல்லும். மனிதர்களோ அதை அழுக்கு என்றே சொல்லிவந்தார்கள். அதனால் அது பேசும் என்பதே ஒருவருக்கும் தெரியாது.

ஆலங்கரை என்ற ஊரில் ஆவுடை என்றொரு பெண் இருந்தாள். தம்பி காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி சுமப்பதாக அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். தம்பி பிழைத்தான். புளியமரத்தில் ஏறிக் காய் பறிக்கிற அளவுக்குப் பிழைத்தான். மாசி மாதம் முளைப்பாரிக்குப் பெயர் கொடுக்கிற அன்று, ஆவுடை முதல் ஆளாகப் போய் நின்றாள்.

பெயர் கேட்கிற பொறுப்பு பெரியவீட்டு முத்துப்பேச்சிக்கு. பஞ்சாக நரைத்த தலை அவளுக்கு. ஆவுடையின் வகிட்டை அவள் உற்றுப் பார்த்தாள். கறுத்த கூந்தலுக்கு நடுவே செதில் செதிலாக வெள்ளை.

"என்னளா இது? தலையா, தவிட்டுப் பானையா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"தினமும் குளத்துல முங்கிட்டுத்தான் வாரேன் அத்தை."

"முங்குற தலை இப்படியா இருக்கும்? அம்மன் பயிரை அழுக்குத் தலையில ஏத்த முடியாது. விதையைப் போடு, தண்ணி ஊத்து, வேண்டாங்கலை. கொடை அன்னைக்குப் பார்ப்பேன். ஒரு பொட்டு வெள்ளை தெரிஞ்சாலும் உனக்குச் சும்மாடு கிடையாது."

பானையை வைப்பதற்குத் தலையில் சுருட்டி வைக்கிற துணிதான் சும்மாடு. அது இல்லை என்றால் முளைப்பாரி இல்லை.

ஆவுடைக்கு அங்கே வாய் திறக்கவில்லை. எப்போதும் அப்படித்தான். சொல்லவேண்டிய பதிலெல்லாம் வீட்டுக்குத் திரும்புகிற பாதி வழியில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தவிட்டுப் பானையாம்! விடிந்ததும் குளத்தில் நிற்கிறவளைப் பார்த்து அழுக்கு என்று சொல்ல எப்படி மனம் வந்தது? வீடு வருவதற்குள் அவள் காது மடல் சிவந்துவிட்டது.

"தலை வறண்டு கிடக்கு, அதான் செதில் கட்டுது" என்று அம்மா நல்லெண்ணெயைக் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டு மைனி வந்து, "நல்லெண்ணெய் பத்தாது" என்று தேங்காயெண்ணெயை ஊற்றினாள். "அலசினா இன்னும் காஞ்சுபோகும், ஊறட்டும்" என்று சித்தி தடுத்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது, தலையணையில் வழிந்தது. வெள்ளையோ குறையவில்லை, தடித்துப் பாளம் பாளமாக ஏறியது. அரிப்பு தாங்காமல் ஆவுடை நகத்தால் கீறினாள். விரலில் ரத்தம் ஒட்டியது.

"சனியன் பிடிச்ச அழுக்கே!" என்று கத்தினாள்.

"யாரை அழுக்குங்கிறே?" என்றது ஒரு குரல், உச்சந்தலையிலிருந்து.

ஆவுடை கையை எடுத்துக்கொண்டாள்.

"அழுக்கு வேற, நான் வேற. என் பேரு பொடுகு. யாராவது பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னு நானும் எத்தனை காலம்தான் பொறுக்கிறது? போற வார எல்லாரும் அழுக்கு, அழுக்குன்னு!"

"உன்னாலதான் எனக்கு அந்தப் பேரு" என்றாள் ஆவுடை. "ஊருல இத்தனை தலை இருக்க, என் தலைக்கு ஏன் வந்தே?"

"வந்தேனா? நான் எல்லாத் தலையிலும் இருக்கேன். பிசுக்கைத் தின்னுட்டுச் சும்மா படுத்துக் கிடப்பேன். சில தலையில சீக்கிரம் பெருப்பேன், அது அவங்க குத்தம் இல்லை. ஆனா உங்க வீட்டுல மூணு வேளையும் எண்ணெய் விருந்துல்லா வைக்கிறீங்க! தின்னு தின்னு எனக்கே மூச்சு முட்டுது."

ஊரே சேர்ந்து மருந்து என்று ஊற்றியது இதற்குச் சோறா?

"அப்ப என்ன செய்ய?"

"எண்ணெயை நிறுத்து. சீயக்காய் போட்டுத் தேய். போட்ட கையோட அலசிராதே, ஒரு கும்மிப் பாட்டு பாடி முடிக்கிற நேரம் ஊறட்டும். நகம் படாம விரல் நுனியால தேய். ஒண்ணுவிட்டு ஒரு நாள் செய். நான் இளைச்சிட்டேன்னு பார்த்து விட்டுறாதே, விட்டா திரும்ப எந்திரிச்சிருவேன். என்னை ஒரேயடியா விரட்ட முடியாது. அடக்கி வைக்கலாம்."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோதெல்லாம் ஆவுடை எழுந்து ஓடினாள். "பட்டுப்போன மரம் மாதிரி ஆகப்போகுது தலை" என்று சித்தி பழித்தாள். ஆவுடை குளக்கரையில் உட்கார்ந்து, தலையில் சீயக்காயோடு கும்மிப் பாட்டை முழுதாகப் பாடிவிட்டுத்தான் அலசினாள். அரிப்பு அடங்கியது. பாளம் கரைந்தது. கொடைக்குப் பத்து நாள் இருக்கையில் இருட்டறையில் அவள் விதைத்த பயறு வெளுத்த தண்டோடு நீண்டு வளர்ந்தது. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தபோது வகிடு கறுப்பாகத் தெரிந்தது.

கொடை அன்று பெண்கள் பானைகளோடு கோயில் வாசலில் கூடினார்கள். முத்துப்பேச்சி ஆவுடையின் தலையைக் கதிருக்குள் புழு தேடுகிற மாதிரி தேடினாள். வகிட்டில் இல்லை. உச்சியில் இல்லை. கடைசியில் காதோரம் முடியை விலக்கி, "இந்தா கிடக்கே!" என்றாள். எள்ளில் பாதி இருக்கும் அது.

"அத்தை, எவ்வளவோ போயிருச்சு..."

"மிச்சம் இருக்குல்லா? அழுக்கு அழுக்குதான். ஏ, அந்தப் பானையை வேற யாராவது தூக்குங்க."

அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த பயிர். அவள் தம்பிக்காக நேர்ந்த பயிர். வேறொருத்தி குனிந்து அந்தப் பானையில் கை வைத்தாள். அந்த நேரத்தில், வீட்டு வழியில் வருகிற பதில் முதல்முறையாக நின்ற இடத்திலேயே வந்தது ஆவுடைக்கு. அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்:

"பொடுகே!"

"ஏன்?" என்று மறுமொழி தந்தது அவள் காதோரம், மெலிந்த குரலில்.

"ஏன்?" என்றது பானையைத் தொட்டவளின் கொண்டை. "ஏன்?" என்றன மல்லிகைச் சரம் வைத்த தலைகள் எல்லாம். பூசாரியின் தாடி, "இங்கயும் இருக்கோம்" என்றது. இடுப்புக் குழந்தையின் உச்சி, "ம்ம்" என்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய குரல் முத்துப்பேச்சியின் வெள்ளை முடிக்குள்ளிருந்து வந்தது. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே சொன்னது: "நல்லாத்தான் இருக்கேன்! நேத்து வச்ச எண்ணெயே இன்னும் தீரலை."

கொட்டுக்காரர் கை அப்படியே நின்றது.

"உங்க தலையில வெள்ளைக்குள்ள வெள்ளை, தெரியலை. என் தலை கறுப்பு, தெரிஞ்சுது" என்றாள் ஆவுடை. "அதுக்குப் பேரு சுத்தமா அத்தை?"

அவர்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒருத்தியாவது, "தெரியாமச் சொல்லிட்டோம் தாயீ" என்றிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. முத்துப்பேச்சி அம்மன் பக்கம் திரும்பி, "தாயே, இதுக வாயைக் கட்டு!" என்று கும்பிட்டாள். உடனே ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. மழை கேட்டுக்கூட அவர்கள் அத்தனை ஒற்றுமையாகக் கும்பிட்டதில்லை. அம்மனும் சரி என்றுவிட்டாள்.

வாய் அடைபடும் முன் பொடுகு எல்லாத் தலையிலிருந்தும் ஒரே குரலில் சொன்னது: "இதுவரைக்கும் ஒட்டிக்கிட்டுத்தான் கிடந்தேன். இனி சொல்ல வேண்டியதை உதிர்ந்து சொல்லுவேன்."

முதல் செதில் முத்துப்பேச்சியின் அரக்குச் சேலைத் தோளில் வந்து விழுந்தது.

எல்லோரும் குனிந்து தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவுடை தன் சும்மாட்டைத் தானே சுருட்டித் தலையில் வைத்தாள். தன் பானையைத் தானே தூக்கிக்கொண்டாள். அவளைத் தடுக்க ஒரு கையும் ஒழியவில்லை. அந்த வருடம் குளத்தில் முதலில் கரைந்தது அவளுடைய பயிர்.

அன்று முதல்தான் பொடுகு வாய் பேசுவதில்லை. தலைக்குள் அரித்துக் கூப்பிடுகிறது, கேட்காதவர் தோளில் வந்து விழுகிறது. மனிதர்களும் அன்று முதல்தான், தங்கள் தோளைத் தட்டிவிட்ட அதே கையால் அடுத்தவள் தோளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.