ஓயாமல் குரல் கேட்ட மான்

கோடையில் ஒரு காட்டுக்குள் சிறுத்தை புகுந்தது. இரண்டே நாளில் மான் கூட்டத்தில் இரண்டு தலை குறைந்தது. கூட்டத்தை நடத்திவந்த மருதி என்ற பெண்மானுக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை.

அப்போதுதான் மூவர் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். கடுவன் என்ற குரங்கு குன்றின் உச்சி மரத்தில் காவல் இருக்கும். ஆள்காட்டிக் குருவி ஓடைக்கரையைப் பார்த்துக்கொள்ளும். சிறுத்தை தென்பட்டால் குரல் கொடுப்பார்கள். பள்ளத்தில் மேயும் மான்கள் ஓடிவிடும். மருதிக்குச் சிறுத்தையின் வாடை அடித்தால், அதுவும் கத்தி, கடுவனின் கூட்டத்தை எச்சரிக்கும்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் காலையிலிருந்தே குன்றுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மருதி மேய்வதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கடுவன் விழித்திருக்கிறதா? பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்குகிறதா? இங்கிருந்து பார்த்தால் அந்த மரமே தெரியாது. பக்கத்தில் அதன் குட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

மருதி உடனே குருவியைக் கூப்பிட்டது.

"கடுவன் அண்ணனிடம் போய்ச் சொல்! இனிமேல் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் குரல் கொடுக்க வேண்டும். நீயும்தான்!"

"நாங்கள் சும்மா இருந்தால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம், அக்கா?"

"தூங்கினாலும் சும்மாதானே இருப்பீர்கள்!"

குருவியின் முகம் சுருங்கிவிட்டது. பறந்துபோய், கடுவனின் பதிலோடு திரும்பியது. "தங்கச்சி கேட்டால் கத்துகிறேன். ஆனால் கத்துவதில் பாதிக் கவனம் போய்விடும் என்று சொல்லச் சொன்னார்."

மருதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து காடு முழுக்க ஒரே கூச்சல். குரல் வந்தால் மருதிக்கு மூச்சு வரும். கொஞ்சம் தாமதித்தால், "இன்னும் அடிக்கடி!" என்று சொல்லி அனுப்பும். நான்கே நாளில் கடுவனுக்குத் தொண்டை கட்டி, எல்லாக் கத்தலும் ஒன்றுபோலவே கேட்டது.

ஐந்தாம் நாள் உச்சிவேளையில் குன்றிலிருந்து குரல் வந்தது. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது.

'அப்பாடா, விழித்துத்தான் இருக்கிறது!' என்று மருதி தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தது.

புதர் பிளந்தது. சிறுத்தை பாய்ந்து குட்டியின் தொடையைக் கவ்வியது!

அந்த நொடியில் ஓடைப் பக்கமிருந்து குருவி சீறி வந்து சிறுத்தையின் கண்ணில் கொத்தியது. வலியில் சிறுத்தை வாயைத் திறந்தது. குட்டி நொண்டிக்கொண்டே ஓட, கூட்டமும் தப்பி ஓடியது.

சாயங்காலம் கடுவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "மூன்று தடவை கத்தினேனே தாயி! ஏன் ஓடவில்லை?"

"வழக்கம்போல் கத்துகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன், அண்ணே!" மருதி குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டே அழுதது. "இனிமேல் சிறுத்தையைப் பார்த்தால் மட்டும் கத்துங்கள். மற்ற நேரம் உங்களை நம்பி மேய்கிறேன்."

மறுநாள் குன்றும் ஓடையும் அமைதியாக இருந்தன. மருதிக்குப் பயம் விட்டுப்போகவில்லை. ஆனாலும் யாரிடமும் குரல் கேட்டு அனுப்பாமல் மேய்ந்தது.

தூரத்தில் நின்று நமக்காக உழைப்பவரை நம்பாமல் ஓயாமல் சோதித்தால், அவர் சொல்லும் உண்மையும் நம் காதில் ஏறாது.