நான்காவது அநியாயம்

முதல் அநியாயம்: எல்லோருக்கும் பொது என்று நாங்கள் எழுதிவைத்த தட்டச்சு மென்பொருளை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. இரண்டாவது: எழுதியவர்களின் பெயர்களை அதிலிருந்து அழித்தது. மூன்றாவது: அதற்குப் பூட்டுப் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விற்றது. விற்றவனுக்கு விருதும் கிடைத்தது. அதை நாங்கள் வரிசையில் சேர்க்கவில்லை.

தோழர் மங்கையர்க்கரசி எந்தக் கூட்டத்தையும் இந்த வரிசையில்தான் தொடங்குவார். முடிவில், அழிக்கப்பட்ட பெயர்களைச் சபையறிய வாசிப்பார். வந்தவர்களெல்லாம் சாட்சி.

அன்று, யாரும் இலவசமாக எடுத்துப் பகிரக்கூடிய எங்கள் திறமூல இயங்குதளத்தின் வெளியீடு. மண்டபம் நிறைய ஆசிரியர்கள், கையில் பென்டிரைவோடு. கடைசி வரிசையில் கம்பெனியின் வக்கீல்.

மென்பொருள்களைப் பொதியாகக் கட்டி இயங்குதளத்தில் சேர்ப்பது சவரிமுத்துவின் வேலை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு தோழரிடம் தொழில் கற்க வந்தவர். மேடைக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம்.

“தோழர், தப்பு பண்ணிட்டேன்.”

“சொல்லுங்க.”

“தட்டச்சுப் பொதிக்குள்ள ஒரு சின்ன லைப்ரரி இருக்கு. வேற ஆள் எழுதின துணை நிரல். லைசென்ஸும் வேற.”

“அது என்ன கேக்குது?”

“எப்படி வேணா பயன்படுத்திக்கோ, ஒவ்வொரு பிரதியிலயும் என் பேரை மட்டும் வைன்னு கேக்குது.”

“வச்சீங்களா?”

“இல்ல. நம்ம லைசென்ஸ்தான் கறாரானது, உள்ள இருக்கிறதுக்கும் அதுவே போதும்னு நெனச்சேன். அவர் பேரு இருந்த பக்கத்தை எடுத்துட்டேன். இதுதான் அது.”

“பெரிய மீன் சின்ன மீனை முழுங்கிரும்னு.”

சவரிமுத்து தலைகுனிந்தார்.

“திரும்பக் கட்டுங்க.”

“திரும்பக் கட்டிச் சோதிக்க நாளாகும் தோழர். இன்னைக்குக் கொடுக்கலைன்னா இத்தனை பள்ளிக்கூடமும் நாளைக்கே கம்பெனிகிட்ட கையெழுத்துப் போட்டுரும். அடுத்த பதிப்புல சேத்துக்கலாமே? அந்த ஆளுக்குத் தெரியவே போறதில்ல.”

“கம்பெனியும் இதைத்தான் சொல்லிச்சு.”

“அவங்க திருடங்க. நாம யாரு தோழர்?”

சவரிமுத்துவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு தோழர் மேடையேறினார்.

முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. பெயர்கள். வழக்கம்போல் கை தட்டினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

“நாலாவது. இது நாங்க செஞ்சது. இன்னைக்குப் பொதி கிடையாது.”

மண்டபம் இரைந்தது. சிலர் பென்டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார்.

தப்பு செய்தவன் என்று தன் பெயரை வாசிப்பார் எனச் சவரிமுத்து காத்திருந்தார். அழித்தவன் பெயரைத் தோழர் ஒருநாளும் வாசித்ததில்லை. பயத்தில் அது சவரிமுத்துவுக்கு மறந்துவிட்டது.

தோழர் திரும்பி, காகிதத்தை அவரிடம் நீட்டினார்.

“நாம யாருன்னு கேட்டீங்களே. வாசிங்க.”

சவரிமுத்து ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றார். எழுந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அ. மெய்யப்பன், காரைநகர்.”