ஏப்பம் வந்தால் சோறு

சமஸ்தானத்துத் திவான் சேஷகிரி ராயருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்தால் ஊரே சேர்ந்து விழுங்கிவிடும் என்று நினைப்பு. கரட்டுப்பட்டிக்கு வந்தவர், கூரை சரிந்த பள்ளியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதலில் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சையில் தேறட்டும். அப்புறம் பணம் தருகிறேன்."

சத்திரத்துச் சமையல்காரி சீனியம்மாளின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். படிக்கிறாள் என்பது பேச்சுக்கு. சம்பளம் வராமல் வாத்தியார் எப்போதோ போய்விட்டார்.

மத்தியானம் சத்திரத்தில் திவானுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, சீனியம்மாள் சும்மா நின்றாள்.

"சோறு எங்கே?"

"எல்லாம் தயாரா இருக்கு, எஜமான். முதல்ல ஒரு ஏப்பம் விடுங்க, பரிமாறுறேன்."

"சாப்பிடாமல் ஏப்பம் எப்படி வரும்?"

"வாத்தியார் இல்லாம தேர்ச்சி மட்டும் எப்படி வரும், எஜமான்?"

திவானோடு வந்திருந்த குமாஸ்தா சிரிப்பை மறைக்க இருமினார். அடுப்படியிலிருந்து குழம்பு வாசம் வந்துகொண்டே இருந்தது.

"சரி, அடுத்த மாதம் பணம் வரும். போடு."

சீனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெறும் சோற்றை மட்டும் வைத்தாள்.

"குழம்பு?"

"அதுவும் அடுத்த மாசம் வரும், எஜமான்."

திவான் அங்கேயே உத்தரவு எழுதச் சொன்னார். அரக்கு முத்திரை காய்கிற வரைக்கும் அவள் குழம்புக் கரண்டியைத் தொடவில்லை.