நாற்பது மிதவைகள்

காட்டு ஏரிக்கு ஒரு முதலை வந்து சேர்ந்தது. தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டி ஒன்று திரும்பவே இல்லை.

கயலன் என்ற நீர்நாய்க்கு மனசு பொறுக்கவில்லை. அது எல்லா விலங்குகளையும் கூட்டியது.

"கோரையில் சின்னச் சின்ன மிதவைகள் கட்டி ஏரி முழுக்க விடுவோம்! ஒவ்வொன்றிலும் ஒரு தவளை காவல் இருக்கட்டும். முதலையைப் பார்த்த தவளை கத்தினால் அடுத்தது கத்தும். நொடியில் செய்தி கரைக்கு வந்துவிடும்!"

எல்லாருக்கும் யோசனை பிடித்துப்போனது. காட்டில் புதிதாகக் கண்ட ஒரு கொடியால் கோரையைக் கட்டி நாற்பது மிதவைகள் தயாராயின. முடிச்சுகளைப் பார்க்க வந்த நொச்சி என்ற நண்டு மட்டும் தயங்கியது.

"கயலா, இந்தக் கொடி நமக்குப் புதுசு. ஊறினால் இற்றுப்போகுமோ என்னவோ! ஒன்றை மட்டும் பத்து நாள் மிதக்கவிட்டுப் பார்ப்போமே."

"பத்து நாளா! மான்கள் தாகத்தில் தவிக்கின்றன. ஒன்று பிரிந்தால்தான் என்ன? மற்றவை இருக்குமே!"

"பிரிந்த கோரை சும்மா இருக்குமா? அடுத்ததில் போய் மோதாதா?"

கயலன் காதில் வாங்கவில்லை. முதலை எதிர்க்கரையில் தூங்கும் நேரம் பார்த்து மிதவைகளைத் தள்ளிவிட்டது. நடு ஏரி மிதவையில் கயலனின் தோழி குமிழி என்ற தவளை ஏறியது.

"கட்டு உறுதிதானே, கயலா?"

"நான் கட்டியதாச்சே! பயப்படாமல் போ."

எட்டு நாள் மான்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன. ஒன்பதாம் நாள் காலையில் காற்று வீசியது. ஒரு மிதவையின் கொடி இற்றது. பிரிந்த கோரைக்கட்டு மிதந்துபோய் இன்னொன்றில் மோதியது. கொடி ஊறியிருந்த அதுவும் உடைந்து இன்னும் இரண்டை உடைத்தது. உச்சிப்பொழுதுக்குள் ஏரி முழுக்கக் கோரைத் துண்டுகள்! அவற்றின் அடியில் முதலை எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

தவளைகள் தட்டுத்தடுமாறிக் கரையேறின. குமிழியைக் காணோம்.

கயலன் தண்ணீரில் பாய்ந்தது. கோரை வழிமறித்தது.

"கயலா!" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் கயலன் மான்களிடம் போனது. "ஏரிப் பக்கம் வராதீர்கள். காவல் இல்லை. தப்பு என்னுடையது" என்றது. தலை நிமிரவே இல்லை.

பிறகு ஒவ்வொரு துண்டாகக் கோரையைக் கரைக்கு இழுத்துப்போட்டது. நொச்சியும் பக்கத்தில் வந்து இழுத்தது. ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. அதுதான் கயலனுக்கு அதிகம் வலித்தது.

எத்தனை செய்தோம் என்ற பெருமையில் ஒன்றையும் சோதிக்காமல் விட்டால், ஒன்றின் பழுதே எல்லாவற்றையும் அழித்துவிடும். அதற்கு விலை கொடுப்பது நம்மை நம்பியவர்கள்தான்.