வண்டி எப்போது ஆடாமல் இருந்தது?

“எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன் அம்மிணி. ஆட்டம் மட்டும் அப்படியே இருக்குது.”

சொன்னவர் சென்னியப்பன். நாமக்கல் வட்டாரத்தில் பெயர்போன மெக்கானிக். அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம் அவர் கை. மீதிப் பாதி அவர் மீசை.

கேட்டுக்கொண்டிருந்தவள் கோகிலவாணி. அவரைவிட மிகவும் இளையவள். புறவழிச்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு வண்டி பார்க்கிறவள். அவளிடம் போய் நிற்க மற்ற மெக்கானிக்குகளுக்குக் கூச்சம். ஒருமுறை போய்வந்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

சென்னியப்பனுக்கு இதுதான் முதல் முறை. சட்டை முழுக்க வியர்வை.

“என்ன வண்டிங்ணா?”

“நம்ம ராக்கியண்ணனோட பிக்கப்பு. முட்டை லோடு ஏத்தறது. அறுபதுல போனா கிடுகிடுன்னு ஆடுது. கொண்டுபோய் எறக்கிப் பார்த்தா அட்டைக்கு அட்டை முட்டையில விரிசல்.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“டயரு மாத்துனேன். முன்சக்கரத்தப் பின்னாடி போட்டேன், பின்சக்கரத்த முன்னாடி போட்டேன். எஞ்சினத் தாங்கற ரப்பர் மாத்துனேன். கிளட்ச் பிளேட்டு மாத்துனேன். ஒண்ணுக்கும் அசையல.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நேத்து டீக்கடையில எல்லாரு முன்னாடியும் வாயக் குடுத்துட்டேன். அடுத்த லோடுக்குள்ள ஆட்டத்த நிறுத்தலைன்னா மீசைய எடுத்துடறேன்னு சொல்லிட்டேன்.”

“அடுத்த லோடு எப்பங்ணா?”

“நாளைக்கு.”

கோகிலவாணி மீசையைப் பார்த்தாள். நல்ல மீசை. அவர் மகள் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அந்த மீசையைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

“உங்க ஸ்பானர் பெட்டியக் குடுங்க.”

கொடுத்தார்.

அவள் அதைக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இப்போதைக்கு ஒண்ணையும் கழட்டறதில்ல.”

“கழட்டாம எப்படி அம்மிணி?”

கை ஒடிந்தவர் மாதிரி நின்றார், பாவம்.

“எப்ப ஆடுதுன்னு சொன்னீங்க. சரி. எப்பெல்லாம் ஆடாம இருந்துச்சு? அதச் சொல்லுங்க.”

அதைச் சென்னியப்பனிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை.

“வண்டிய எடுங்க, பார்க்கலாம்.”

கிளம்பும்போது அவள் எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டாள். தனக்குத்தான் என்று அவர் நினைத்தார். அவள் அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

நாற்பதில் போனார்கள். டீ அமைதியாக இருந்தது.

“நாப்பதுல ஆடல,” என்றார்.

அறுபதைத் தொட்டார். டம்ளர் நடுங்கியது. டீ வழிந்து அவர் வேட்டியில் கொட்டியது.

“ஸ்டியரிங்கு ஆடுதாங்ணா?”

“இல்ல. அது கம்முனுதான் இருக்குது. சீட்டுதான் ஆடுது.”

“அப்ப முன்பக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கியர நியூட்ரலுக்குத் தள்ளுங்க.”

தள்ளினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி தன் வேகத்திலேயே ஓடியது. சீட் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“எஞ்சின் சும்மா இருக்குது,” என்றார் சென்னியப்பன். “அப்பவும் ஆடுதே!”

“ஆடுதுங்களே.”

அவருக்கு வீணாக மாற்றிய அந்தக் கிளட்ச் பிளேட் ஞாபகம் வந்தது.

கொட்டகைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தினார்கள்.

“இன்னும் சொல்லுங்ணா. எப்பெல்லாம் ஆடாம இருந்துச்சு?”

“நாப்பதுல ஆடல. நின்னா ஆடல. அவ்வளவுதான்.”

“இன்னும்.”

“இன்னும் என்ன அம்மிணி இன்னும்?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “போன மாசம் ஆடல! போதுமா?”

“போன மாசம் ஏன் ஆடல?”

“எனக்கென்ன தெரியும்? அது எஃப்.சி. சோதனைக்குப் போறதுக்கு முன்னாடி. அதுக்காகத்தான் ராக்கியண்ணன் எங்கிட்ட விட்டாரு. நான் அடியில ஒண்ணு விடாம கழட்டி, தொடைச்சு, சில்வர் பெயிண்ட் அடிச்சு, புதுசாட்டப் பண்ணி…”

பேச்சு நின்றது.

“நான் கை வைக்கறதுக்கு முன்னாடி ஆடல,” என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். பெட்டியைக் கொடுப்பாள் என்று அவர் கையை நீட்டினார். அவள் கொடுத்தது ஒரு துண்டு உப்புத்தாள்.

அதை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

சென்னியப்பன் கைபட்ட வண்டி அடிப்பக்கமும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். யாருமே குனிந்து பார்க்காத இடத்துக்கும் பெயிண்ட் அடிக்கிற ஆள் அவர். மேலே எல்லாம் வெள்ளி. எஞ்சினுடைய சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற அந்த நீளமான ஷாஃப்ட்டும் வெள்ளி.

இத்தனை நாளும் அவர் மாற்றிப் பார்க்காத பொருள் அது ஒன்றுதான். மாற்றவில்லை, சந்தேகப்படவும் இல்லை. அதை மாட்டியது அவராயிற்றே.

ஷாஃப்ட் ஒரே துண்டாக இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டு. எப்படிச் செருக வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி வெட்டியிருப்பார்கள். இரண்டு அம்பும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டும். இது சென்னியப்பனுக்குத் தெரியாத விஷயமா? அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது.

மல்லாந்து படுத்துப் பெயிண்டைத் தேய்த்துச் சுரண்டினார். வெள்ளி முகத்தில் கொட்டியது. மீசையில் கொட்டியது.

முதல் அம்பு தெரிந்தது.

இன்னும் தேய்த்தார்.

இரண்டாவது அம்பு தெரிந்தது. முதல் அம்புக்கு நேராக இல்லை. ஒரு விரல் அகலம் விலகி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஆள் நசுங்கிவிட்டார் என்றே நினைத்துவிட்டார்கள்.

“என் தப்புதான்! நான்தான் கெடுத்தேன்! டேய், நான்தான்டா!”

தன் தப்பை ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி அந்தச் சாலையில் யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியைக் கொடுத்தாள்.

ஷாஃப்ட்டை உருவி, அம்பை அம்புக்கு நேராகப் பிடித்துச் செருகினார். போல்ட்டை முறுக்கிக்கொண்டே கேட்டார்:

“உனக்கு முன்னாடியே தெரியுமா அம்மிணி?”

“தெரியாதுங்ணா. தெரிஞ்சிருந்தா நல்ல டீய எதுக்கு வீணாக்கறேன்?”

மறுபடி ஒரு டீ வாங்கினார்கள். இந்த முறை காசு கொடுத்தவர் சென்னியப்பன். மறுபடி கண்ணாடிக்குக் கீழே வைத்தார்கள். நாற்பது. அறுபது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுபது.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஆறிப்போய் ஆடை படிந்திருந்த அந்த டீயை ஒரே மூச்சில் குடித்தார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல டீ குடித்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

மறுநாள் சாயங்காலம் ராக்கியண்ணனுடைய பிக்கப் வரும் முன்னே அதன் ஹாரன் வந்தது. பாலத்திலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். கோகிலவாணியின் கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டு, காலி முட்டை அட்டை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“ஒண்ணுகூட விரிசல் விடல! மொத்த லோடும் முழுசா எறங்குச்சு!”

டீக்கடையே திரண்டு வந்து விசில் அடித்தது. யாரோ சென்னியப்பனைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் கனம் இடம் கொடுக்கவில்லை.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ராக்கியண்ணன் குறும்பாகக் கேட்டார்:

“ஏனுங்க, ஆட்டத்த நிறுத்துனதும் நீங்கதான். ஆட்டி விட்டதும் நீங்கதான். அப்ப மீசைக்கு என்ன தீர்ப்பு?”

எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று வரை இப்படி ஒரு பேச்சுக்கு அவர் கை ஓங்கியிருப்பார். இன்று ஓங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோகிலவாணியின் முன்னால் போய் நின்றார். அவர் கேலிக்காக நிற்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“வாக்கு வாக்குதான் அம்மிணி. நீ சொல்லு. எடுத்துடட்டுமா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மீசை ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது.

“வேண்டாங்ணா,” என்றாள். “சொரண்ட வேண்டியது நேத்தே சொரண்டியாச்சு.”