வேற்றாள் கை படாத குட்டி

“காவி கொடுங்கம்மா. மகனைத் தலைமுழுகிட்டேன்.”

தில்லைநாயகம் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தைந்து ஆகியும் குரலில் பிரம்பு இன்னும் இருந்தது.

பூரணத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். மலையடிவாரத்தில் நாலு கொட்டகை போட்டு, ஞானம் தேடி வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறவள். ஊரார் வேண்டாமென்று விட்டுப்போகிற நாய்களுக்கும் அதே கஞ்சிதான்.

“மகன் என்ன செஞ்சான்?”

“முப்பத்திரண்டு வயசு. எந்த வேலையிலயும் மூணு மாசம் நிக்கல. வீட்டுக்கு ஆள் வந்தா ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறான். நேத்து ஆசையா தோள்ல கை வெச்சேன். பெத்த அப்பன் கையைத் தட்டி விட்டான்மா! தட்டி விட்டான்!”

அவள் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். அதில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“நான் என்ன குறை வெச்சேன்? தெருப்பிள்ளைகளோட சேர விடல. கண்டவன் வீட்டு வாசப்படி மிதிக்க விடல. கதவைச் சாத்தி நானே பாடம் சொல்லிக்கொடுத்தேன். என் கையால ஊட்டினேன். எல்லாம் அவன் நல்லா வரணும்னுதான?”

“காவி தர்றேன் வாத்தியாரே. அதுக்கு முன்னாடி, அந்த வேப்பமரத்துல கட்டியிருக்கற நாய் உங்க பக்கத்துல வந்து ஒரு வாய் சோறு திங்கணும்.”

நாயாம்! தில்லைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் பிள்ளைகளை மேய்த்தவனுக்கு நாய் மேய்க்கிற வேலை. ஆனால் காவி வேண்டுமே. போனார்.

வெள்ளை ராஜபாளையம். எட்டு மாசக் குட்டி. “வாடா” என்று கையை நீட்டினார்.

கவ்விவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் தள்ளி உட்கார்ந்து முறைத்தார். அன்றுதான் கவனித்தார். குடையைக் கண்டால் அதற்கு நடுக்கம். சைக்கிள் மணி அடித்தால் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு சின்னப் பெண் சிரித்ததற்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

அதே நிறத்தில், அதே மூக்கோடு இன்னொரு நாய் அங்கே வருகிறவர் போகிறவர் மடியிலெல்லாம் தலையை வைத்துக்கொண்டு திரிந்தது.

“ரெண்டும் ஒரு வயித்துக் குட்டிங்க,” என்றாள் பூரணத்தம்மை.

“பின்ன இது ஏன் இப்படி?”

“அதை நான் வளர்த்தேன். கால் ஊன்றி நடந்ததுமே கூடையில வெச்சு சந்தைக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். தடுப்பூசி முடியற வரைக்கும் தரையில விடல. ஆனா காட்டாதது ஒண்ணுமில்ல. மேளம் கேட்டுது, லாரி பார்த்துது, குடை பார்த்துது, தாடிக்காரங்களைப் பார்த்துது. மூணு மாசத்துக்குள்ள நூறு கை தொட்டிருக்கும்.”

“இது?”

“ரைஸ்மில் உடையப்பன் காவலுக்குன்னு கொண்டுபோனார். வேற்றாள் கை பட்டா நாய் கெட்டுப்போகும்னு நெல்லு ரூம்ல போட்டுப் பூட்டிட்டார். ஆறு மாசம். போன வாரம் அவர் மகளையே கடிச்சிருச்சு. இங்க கொண்டுவந்து கட்டிட்டுப் போயிட்டார்.”

தில்லைநாயகம் எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது.

“அக்கிரமம்! பச்சைக் குட்டியை இருட்டுல அடைச்சு வெச்சுட்டு, இப்போ கடிக்குதுன்னு தள்ளிவிடுவானா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்!”

“வெயில் தாழப் போங்க,” என்றாள்.

கேட்டால்தானே.

மில்லில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். “உமக்கெல்லாம் எதுக்கய்யா நாய்? மனுஷ வாடையே காட்டாம வளர்த்தா அது யாரை நம்பும்? அது கோபக்கார நாய் இல்லய்யா, பயந்த நாய்! தப்பு அது மேல இல்ல. பூட்டி வெச்ச உம்ம மேல!”

உடையப்பனுக்கும் கோபம் வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

“நான் என்ன குறை வெச்சேன் சார்? தெருநாயோட சேர விடல. கண்டவன் கை பட விடல. கதவைச் சாத்தி என் கையால பால்சோறு ஊட்டினேன். எல்லாம் அது நல்லா வரணும்னுதான?”

தில்லைநாயகம் நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டார். மில் ஆட்கள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது மணி நாலரை.

“நல்லா கேட்டீங்களா?” என்றாள் பூரணத்தம்மை.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. வேப்பமரத்துப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, காலம் கடந்துபோச்சே. இனிமே மாறுமா?”

“மெதுவா மாறும்.”

“என்ன செய்யணும்?”

“கையை நீட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி சும்மா உக்காரணும். சோத்தை வெச்சுட்டு வேற பக்கம் பார்க்கணும். அதுவா வர்றப்ப வரும்.”

“நடுவுல நாலு புத்தி சொல்லலாமா?”

“சொல்லவே கூடாது.”

தில்லைநாயகம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்.

“எங்க போறீங்க?”

“உக்காரத்தான்.”

“இதுக்குப் பக்கத்துல உக்கார நான் இருக்கேன்,” என்றாள் பூரணத்தம்மை. “உங்க ஊர் பஸ் அஞ்சரைக்கு.”